எட்டு நாள் தண்ணீருக்குள்

மழை விடுமுறை என்ற செய்தி வந்தால் எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் சிரிப்புப் படங்களாக வந்து விழும். நானும் ஒன்றைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து பார்ப்பேன். அங்கே என் அம்மா மொபெட்டின் பின்னால் மண்வெட்டியை வைத்துக் கட்டிக்கொண்டிருப்பாள். ஒரே வீட்டில் ஒருத்திக்கு விடுமுறை, இன்னொருத்திக்கு வயிற்றில் புளி. எனக்கு இரண்டிலும் பங்கு உண்டு.

எங்கள் ஊர் குரும்பகரம். அப்பா போன பிறகு மேலவயல், நடுவயல், கீழவயல் என்று மூன்று வயல்களையும் அம்மாதான் பார்க்கிறாள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டவள். இரண்டு முறை வாய்க்காலுக்குள் விட்டாள். மூன்றாம் முறை யாரையும் பிடிக்க விடாமல் தானாகவே ஓட்டிக்கொண்டு போனாள். நடவுக்கு ஆள் கிடைக்காமல் போனபோதும் அவள் புலம்பவில்லை. "ஆளு வல்லன்னா தெளிச்சிட்டுப் போறேன்" என்று விதையை நேரடியாக வயலில் தெளிக்கும் முறைக்கு மாறிவிட்டாள். அறுப்புக்கு மிஷின் வந்தது, அதற்கும் மாறினாள். மழை எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்தவள் இப்போது என் கைபேசியைப் பார்க்கிறாள். எதையும் புதுசு என்று ஒதுக்கத் தெரியாதவள். அவளுக்கா இப்படி ஒரு தவறு நேர்ந்தது என்று இன்றும் எனக்கு ஆறவில்லை.

முந்தைய இரண்டு வருடமும் கார்த்திகை மழையில் பயிர் முழுகி அழுகிப்போயிருந்தது. இந்த ஆவணியில் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"இந்த வருசமும் முழுவிடுச்சுன்னா குத்தகைக்கு விட்டுடுறேன் பாப்பா. அப்புறம் அந்தப் பக்கமே திரும்பிப் பாக்க மாட்டேன்."

அம்மா கோபத்தில் சொன்னால் நான் பயப்பட மாட்டேன். அவள் கோபம் ஒரு காபி ஆறுவதற்குள் ஆறிவிடும். இதை அமைதியாகச் சொன்னாள். வயலுக்குப் போகாத அம்மா எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அப்படி ஒருத்தி வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் வேளாண்மை அலுவலகத்தில் போய் நின்றேன். வெள்ளத்தைத் தாங்கும் ரகம் ஒன்று இருக்கிறது என்று அங்கிருந்த அலுவலர் சொன்னார். தண்ணீருக்குள் இரண்டு வாரம் கிடந்தாலும் பிழைத்துவிடுமாம். அந்த விதை மூட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து அம்மாவிடம் சொன்னேன்.

"நெல்லு வாங்கியாந்தியா, மீனு வாங்கியாந்தியா?" என்று கேட்டாள்.

அவள் வழக்கமாக விதைக்கும் ரகம் இந்த வருடம் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் என் மூட்டையைப் பிரித்தாள்.

பயிர் நன்றாகத்தான் வந்தது. முழங்கால் உயரம் வந்து, பச்சை கட்டி நின்ற நேரத்தில் கார்த்திகை மழை பிடித்தது. நான்கு நாள் விடவே இல்லை. எங்கள் பக்கத்தில் மழை பெய்வது மட்டும் பிரச்சினை இல்லை. காவிரி வந்து முடிகிற இடம் இது. மேற்கே பெய்த மழையும் எங்கள் வாய்க்கால் வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும். கடல் வாங்க வேண்டும். காற்று கரையைப் பார்த்து அடித்தால் கடல் வாங்காது. வந்த தண்ணீர் அப்படியே வயலில் ஏறி நிற்கும்.

என்னோடு வேலை பார்க்கும் டீச்சர் ஒருவருக்குக் கருக்களாச்சேரி. கடலுக்குப் போகிற குடும்பம். அந்த நாட்களில் அவரை ஒரு நாளைக்கு நான்கு தடவை கூப்பிட்டேன்.

"டீச்சர், கடல் வாங்குதா?"

"எங்க டீச்சர் வாங்குது? மொகத்துவாரத்துல தண்ணி திரும்பி உள்ள வருது. காத்து மாறட்டும், நானே கூப்புடுறேன்."

அவர்கள் வீட்டிலும் வலை உள்ளே கிடந்தது. இருந்தும் என் வயலுக்காகக் கடலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு.

முதல் நாள் இலை நுனி மட்டும் தெரிந்தது. இரண்டாம் நாள் அதுவும் இல்லை. மூன்று வயலும் ஒரே ஏரியாகக் கிடந்தது, வரப்பு எங்கே என்று கூடத் தெரியவில்லை. எட்டு நாள் அப்படியே நின்றது. எட்டாம் நாள் பள்ளி திறந்திருந்தது, கருக்களாச்சேரி டீச்சர் மட்டும் லீவில் ஊரிலேயே இருந்தார். மதியம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. "வாங்குது டீச்சர், நல்லா வாங்குது!" என்று அவர் கத்திய கத்தல் வகுப்பில் பின்வரிசைப் பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கும்.

தண்ணீர் வடிந்த வயலைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். பயிர் எல்லாம் பழுப்பாகச் சேற்றோடு படுத்துக் கிடந்தது. இலையைத் தொட்டால் கையோடு குழைந்து வந்தது. நாற்றம் ரோடு வரைக்கும் அடித்தது. அம்மா மேலவயலில் இறங்கி நான்கு இடத்தில் பிடித்து இழுத்துப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் நேராகக் கொல்லைப் பக்கம் போய், சாவு வீட்டுக்குப் போய் வந்தவள் மாதிரி கட்டின புடவையோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். நான் துண்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேளாண்மை அலுவலருக்குப் போன் போட்டேன். "இலை அழுகினா அழுகட்டும் மேடம். அடித்தண்டு உள்ளுக்குள்ள உசுரோட இருக்கும். பத்து நாள் வயலைத் தொடாதீங்க" என்றார். அம்மாவிடம் சொன்னேன்.

"இஸ்கூல்ல பாடம் நடத்து. வயல்ல நடத்தாத. அழுவுன பயிரு எந்திரிச்சு வந்து நான் பாத்ததில்ல" என்றாள்.

அவள் சொன்னது முழுக்க உண்மை. அவள் பார்த்ததே இல்லை. அவள் கை பட்ட எந்த நெல்லும் அதுவரை அப்படி எழுந்ததில்லை. அழுகினதை உடனே மடக்கி உழுதுவிட்டு, ஈரம் காய்வதற்குள் குறுகிய நாள் விதையைத் தெளித்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் அதுவும் போச்சு. இதுதான் நல்ல விவசாயி செய்வது. அம்மா நல்ல விவசாயி.

ஞாயிற்றுக்கிழமை காலை டிராக்டர் வந்துவிட்டது. ஓட்டி வந்தது என் சித்தி மகன். இரும்புச் சக்கரம் மாட்டிக்கொண்டு மேலவயலில் இறங்கினான். நான் வீட்டில் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். போய்ச் சேருவதற்குள் மேலவயல் கறுப்புச் சேறாகிவிட்டிருந்தது. டிராக்டர் நடுவயலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

எனக்கு வந்தது கோபமா அழுகையா தெரியாது. நைட்டியும் துண்டுமாக நடுவயலுக்குள் இறங்கிப் போய் நின்றுவிட்டேன். சேறு முழங்கால் வரைக்கும் இழுத்தது.

"வெளிய வாடி! ஊரே பாக்குது!" என்று அம்மா வரப்பிலிருந்து கத்தினாள்.

"பாக்கட்டும். பத்து நாள் குடு. அதுக்கப்புறம் நீ என்ன வேணா பண்ணு, குத்தகைக்கு விடு, ஏதும் கேக்க மாட்டேன்."

தம்பி இன்ஜினை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "பெரிம்மா, அக்கா, நீங்க ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. எனக்குத் திருநள்ளாறு பக்கம் நாலு பேரு காத்துக்கெடக்குறாங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். அவன் போனால் இனி எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. அதற்காகவே அம்மா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். வயலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். காலையில் வாசல் தெளித்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தாள். நான் பயந்தது அப்படியே கண்முன் நடந்தது.

பள்ளிக்குப் போகும் முன் தினமும் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். மூன்று நாள் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் நாற்றம் கூடக் குறையவில்லை. நான்தான் பிடிவாதத்தில் அம்மாவின் இன்னொரு போகத்தையும் கெடுத்துவிட்டேனோ என்று வகுப்பில் நின்றுகொண்டே நினைத்தேன். ஆறாம் நாள், அழுகிச் சுருண்டு கிடந்த ஒரு கற்றையின் நடுவில் ஏதோ தெரிந்தது. குனிந்தேன். ஊசி நீளத்துக்குப் பச்சை. பக்கத்துக் கற்றையைப் பார்த்தேன், அதிலும் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, வயல் முழுக்கப் பழுப்புதான். குனிந்தால் இருந்தது. எட்டு நாள் மூச்சு முட்டக் கிடந்து, வளராமல், அசையாமல், இருந்த உயிரை அடியில் பிடித்து வைத்துக்கொண்டு, தண்ணீர் போகட்டும் என்று அது காத்திருந்திருக்கிறது. அறிவியல் டீச்சர் நான். எனக்கு அந்த இடத்தில் ஒரு பாடமும் ஞாபகம் வரவில்லை. கைகூப்பத்தான் தோன்றியது, கூப்பினேன்.

போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா கைபேசியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள்.

"புல்லு" என்றாள். "தண்ணி வடிஞ்சா மொதல்ல புல்லுதான் வரும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. புல்லாகத்தான் இருக்குமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

மறுநாள் காலை எழுந்தபோது வாசலில் மொபெட் இல்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா நடுவயலில் சேற்றில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். இளம் இலை ஒன்றைப் பிடித்து, அது தண்டோடு சேரும் இடத்தை நகத்தால் மெதுவாக விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெல்லுக்கு அந்த இடத்தில் மெல்லிய வெள்ளைத் தோலாய் ஒரு சின்ன நாக்கு இருக்கும், களைப்புல்லுக்கு இருக்காது. அடுத்ததை விரித்தாள். அதற்கடுத்ததை விரித்தாள்.

"நெல்லு" என்றாள்.

அதற்குள் வயலுக்கு மேல் ஒரு மெல்லிய பச்சை தெரிய ஆரம்பித்திருந்தது. கீழவயலிலும் இருந்தது. அம்மா மெல்லத் திரும்பி மேலவயலைப் பார்த்தாள். அது கறுப்பாக, மட்டமாக, சுத்தமாகக் கிடந்தது.

"உசுரோட இருந்ததையாடி நான் பொதைச்சேன்?"

நான் ஏதோ சமாதானம் சொல்ல வாயைத் திறந்தேன். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். எழுந்து போய் மேலவயல் வரப்பில் நின்றாள். என் அம்மா அழுது நான் அதிகம் பார்த்ததில்லை; அப்பா போனபோதும் அடுப்படியில் போய்த்தான் அழுதாள். அன்று வெட்டவெளியில் நின்று, அந்தச் சேற்றைப் பார்த்து, "தெரியாம பண்ணிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லி அழுதாள்.

அடுத்த பத்து நாளில் இரண்டு வயலும் முழுப் பச்சையானது. தெளித்த பயிர் என்பதால் சில இடங்களில் நெருக்கமாக நின்றது. நெருக்கமான இடத்தில் வேரோடு பிடுங்கி, மேலவயலில் நட வேண்டும் என்றாள் அம்மா. எங்கே ஆள் கிடைக்கும் என்று கேட்டேன். "நீ இருக்க, நான் இருக்கேன்" என்றாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் குனிந்து நட்டோம். என் வரிசை கோணிக்கொண்டே போனது. அவள் ஒவ்வொரு குத்து நாற்றையும் ஊன்றிவிட்டு ஒரு நொடி கையை எடுக்காமல் வைத்திருந்தாள். எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அவளிடம் வலிக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஞாயிறு வெயில் தாழ்ந்த நேரத்தில் கடைசி வரிசை முடிந்தது. வரப்பில் உட்கார்ந்து காலில் இருந்த சேற்றை வழித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"அடுத்த வருசம் முழுவுனா, தண்ணி வடிஞ்சு பத்து நாளு என்னைய வீட்டுல கட்டிப் போட்டுடு. அவுத்து விடாத."

அடுத்த வருடம் என்றாள். நான் சரி என்று தலையை ஆட்டினேன். குனிந்து, அவள் காலில் மிச்சமிருந்த சேற்றை வழித்துவிட்டேன்.