நீலப் படலைப் பக்கம்

நான் இருக்கும் நோர்வே நகரத்தில் வீடுகளுக்கு வேலியும் அதில் திறக்கும் படலையும் கிடையாது. தெருவிலிருந்து நேரே வாசற்படிக்குப் போய் மணியை அழுத்தலாம். இருபது வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. யாருடைய வளவுக்குள்ளோ கேட்காமல் நுழைந்துவிட்டதுபோல் கூசும். படப்புத்தகம் செய்யும் இணையத்தளத்தில் ‘வீடு’ என்று தேடியபோதும் புகைபோக்கியும் பனியுமாகத்தான் வீடுகள் வந்தன. ஒன்றுக்கும் படலை இல்லை. எனக்குக் கோபம் வந்தது. படலை இல்லாமல் என் கதை நடக்காது.

கதை கேட்டவள் வதனி. எங்கள் தீவில், புளியங்கூடலில், என்னோடு படித்தவள். இன்று அங்கேயே இரண்டாம் வகுப்பு ஆசிரியை. “பிள்ளையளுக்கு வாசிக்கப் படத்தோடை ஒண்டு செய்து அனுப்புமன். ஊர்ப் படமா இருக்கோணும்” என்றாள்.

இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். வேலை முடிந்ததும் அங்குள்ள கணினியிலேயே செய்தேன். கதை சின்னது. கோழியைத் தொலைத்த சிறுமி ஒவ்வொரு படலையிலும் நின்று, “வீட்டுக்காரர்! எங்கடை கோழி இஞ்சை வந்ததோ?” என்று கூப்பிடுகிறாள். வீட்டுக்காரர் பதில் சொல்லிக்கொண்டு வெளியே வருகிறார். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால்தான் இரண்டாம் வகுப்புக்கு வாசிப்பு ஓடும். மூன்று வீடுகளை இணையத்தளத்துப் படத்துண்டுகளை ஒட்டி ஒப்பேற்றினேன். நாலாவது வீடு எங்களுடையது. அப்பா நீலம் பூசிய இரும்புப் படலையை, அதன் இரண்டு அன்னங்களோடு, பழைய புகைப்படத்தைப் பார்த்து மூன்று மாலைகள் கீறினேன். படலையை அகலத் திறந்து வைத்தேன். செத்துப்போன அம்மா கோழியை ஏந்திக்கொண்டு வருகிறா. அந்தப் பிள்ளைகளின் வாயிலாவது எங்கள் வீட்டில் ஆள் இருக்கட்டும் என்ற ஆசைதான். கோழியெல்லாம் ஒரு சாட்டு.

கூட வேலை செய்யும் மாரித் எட்டிப் பார்த்தாள்.

“உன் வீடா? யார் இருக்கிறார்கள்?”

“ஒருவருமில்லை. பூட்டியிருக்கிறது. எப்போதாவது போய்ப் பார்ப்போம்.”

“ஓ, ஹித்தே!” என்று முகம் மலர்ந்தாள். ஹித்தே என்பது இவர்கள் விடுமுறைக்குப் போய் இருந்துவிட்டு வரும் மலைக்குடில். ஆமென்று தலையாட்டிவிட்டேன்.

புத்தகம் போய்ச் சேர்ந்த கிழமை வதனி சிரிப்பை அடக்கிக்கொண்டு அழைத்தாள்.

“எல்லாம் நல்லா வாசிச்சினம். நாலாவது வீட்டிலைதான் நிண்டிட்டினம்.”

“ஏன், எழுத்துக் கஷ்டமோ?”

“இல்லையப்பா. அன்னத்தைக் கண்டோடனை உங்கடை வீடெண்டு பிடிச்சிட்டினம். ‘அது பூட்டின வீடு ரீச்சர், அங்கை ஆர் வாறது?’ எண்டு ஒரே சண்டை. உண்மையா அங்கை கோழி போனால் வேலிப் பொட்டுக்குள்ளாலை பூந்துதான் பிடிக்கிறவையாம்.” பிறகு சிரிப்பில்லாமல் கேட்டாள்: “அந்தப் பக்கத்தை மாத்த ஏலுமோ? கோவிக்காதையும்.”

“ஏலாது” என்று போனை வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் எரிச்சலோடு திரிந்தேன். ஆனால் பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. எங்கள் வேலியில் எங்கே பொட்டு விழுந்து ஓட்டையாக இருக்கிறதென்று அவர்களுக்குத்தான் தெரிகிறது, எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் அம்மாவை அழித்தேன். அதற்கு ஒரு விசைதான். விரலை அதில் வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். படலையைச் சாத்திப் பூட்டுப் போட்டேன். கோழியை முற்றத்தில் விட்டேன். பதில் வரிக்கான இடத்தில் ஒன்றும் எழுதாமல் பக்கத்தை வதனிக்கு அனுப்பினேன்.

போன கிழமை, வேலைக்குப் போகும் பஸ்ஸில், வதனியின் குரற்பதிவு வந்தது. வகுப்பு முழுவதும் சேர்ந்து நாலாவது வீட்டை வாசித்தது. “வீட்டுக்காரர்! எங்கடை கோழி இஞ்சை வந்ததோ?” வெற்றிடம் வந்ததும் பிள்ளைகள் நிறுத்திக் காத்திருந்தார்கள்.

“ஓம், வாறன்!” என்று கத்திவிட்டேன்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் இறங்கக் கேட்கிறேன் என்று நினைத்துச் சாரதி அடுத்த தரிப்பில் நிறுத்திக் கதவை அகலத் திறந்துவிட்டார். நானும் எழுந்து கதவடிக்குப் போய்விட்டேன். வெளியே பனி. அது நான் இறங்கும் இடமில்லை.