மாடு இங்கே, மணி கனடாவில்

இரண்டு மாதத்துக்கு முன் பளையில், என் மனைவியின் தங்கை வீட்டில், மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆலாத்தி எடுக்கவேண்டியவள் பெண்ணின் பெரியம்மா, அதாவது என் மனைவி யோகம். அவள் தட்டைக் கையில் எடுக்கவும் என் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

மைத்துனர், யோகத்தின் தம்பி. ரொறொன்ரோவிலிருந்து.

“அத்தான், உங்கட வீட்டுப் பின்பக்கத்தில ஆரோ நிக்கினமாம்! கம்பனிக்காரர் இப்பத்தான் கோல் எடுத்தவங்கள்!”

தட்டு வேறு யாருடைய கைக்கோ போனது. நாங்கள் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குப் பறந்தோம். பின்வளவில் நின்றது ஒரு மாடு. ஒரு வாழைக்குட்டியை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தது.

எங்கள் வீட்டுக்குக் காவல் வந்த கதையைச் சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கையில் போன வருடம் சில வீடுகளில் தண்ணீர் மோட்டர்கள் களவு போயின. செய்தி ரொறொன்ரோவுக்குப் போனது. மைத்துனருக்கு அக்காவென்றால் உயிர். எங்களிடம் ஒரு சொல் கேட்காமல் கொழும்புக் கம்பனியொன்றைப் பிடித்து கமரா, அலாரம் எல்லாம் பூட்டுவித்தார். அலாரம் அடித்தால் கம்பனி முதலில் யாரைக் கூப்பிட வேண்டும்? தன்னுடைய நம்பரையே கொடுத்தார். அதில் புதுமை என்ன… எங்கள் ஊரில் பாதி வீடுகளுக்கு முதல் நம்பர் வெளிநாட்டில்தானே இருக்கிறது?

ஆக, மாடு நுழையும். அலாரம் கொழும்புக்குச் சொல்லும். கொழும்பு கனடாவுக்குச் சொல்லும். கனடா எனக்குச் சொல்லும். நான் யோகத்துக்குச் சொல்வேன். அதற்குள் மாடு தின்று முடித்து, அசைபோட்டபடி வீட்டுக்குப் போய்விடும்.

யாருடைய மாடு என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டு ராசாத்தியக்காவுடையது. அறுவடை முடிந்தால் மாட்டை அவிழ்த்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். வயலுக்குப் போகாமல் எங்கள் வளவுக்கு வருவது அந்த மாட்டின் வழக்கம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது, ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி. அதற்குள்ளால் அங்கிருந்து பால் வரும், இங்கிருந்து கறி போகும். அதை அடைக்க முடியுமா? அடைத்தால் உறவையே அடைத்த மாதிரி!

சரி, மாட்டைக் கட்டச் சொல்லலாமே என்பீர்கள். நீங்கள் வன்னிக்குப் புதிது போலிருக்கிறது. மாட்டைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகத்தான் எடுப்பார்கள். மாட்டில் தொடங்கிய கதை வேலிக்குப் போய், கோயில் திருவிழாவில் முகம் திருப்புவதில் முடிந்த குடும்பங்கள் எனக்குத் தெரியும். ஆகவே நாங்கள் வாய் திறக்கவில்லை.

பதிலாக யோகம் வீட்டோடு இருக்கத் தொடங்கினாள். வெள்ளிக்கிழமைக் கோயில் நின்றது. தங்கை வீட்டுப் பயணம் நின்றது. கலியாணத்துக்கு நாள் வைத்ததும், “நீங்கள் போட்டு வாங்கோ, நான் வீட்டைப் பாக்கிறன்” என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இடப்பெயர்வின்போது அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தவள் யோகம்தான். அந்தப் பிள்ளையின் கலியாணத்தன்று இவள் வாழை மரத்துக்குக் காவலா?

கம்பனியைக் கூப்பிட்டேன். முதல் நம்பரை மாற்றவேண்டும் என்றேன். ஒரு பெண் மிக இனிமையாகச் சொன்னார்: கணக்கு வைத்திருப்பவர்தான் மாற்றலாமாம். அவர் கனடாவில் என்றேன். அப்படியானால் அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்றார். அன்றே முடிவெடுத்தேன்… இந்தக் கம்பனி வேண்டாம்.

புதியவர் ரிஸ்வான். முல்லைத்தீவுக்காரர். இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்து, திரும்பி வந்து, இப்போது கிளிநொச்சியில் கமராக் கடை வைத்திருக்கிறார். திங்கட்கிழமை வருகிறேன் என்றவர் வியாழக்கிழமை வந்தார். வந்தவர் வாயை மூடவே இல்லை. ஏணியில் நின்றபடி தன் ஊர்க் கடல், தன் மாமியாரின் நீரிழிவு எல்லாம் சொன்னார். இடையில்தான் பழைய காவல் ஏற்பாட்டை விசாரித்தார். சொன்னேன். சிரித்த சிரிப்பில் ஏணி ஆடியது.

“சேர், இஞ்ச மாடு பூந்தா கனடாவில இருந்து ஆர் ஓடி வாறது?”

ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

“கூப்பிட்டா நடந்து வரக்கூடிய ஒராளைச் சொல்லுங்கோ. அவையின்ர போனுக்குத்தான் முதல் அடிக்கோணும்.”

நானும் யோகமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நடந்து வரக்கூடிய ஒராள்… ராசாத்தியக்காவை விட்டால் வேறு யார்?

பொட்டுக்குள்ளால் குனிந்து போய்க் கேட்டோம். ராசாத்தியக்காவின் முகம் மலர்ந்துவிட்டது.

“கமரா பூட்டின நாளில இருந்து எனக்கு மனவருத்தம்தான் பிள்ளை. நான் பக்கத்தில இருக்க, கொழும்புக்காரனை ஏன் காவலுக்கு வைச்சனீங்கள்?”

தேத்தண்ணி தந்தார். நம்பரும் தந்தார்; ரிஸ்வான் அதையே முதல் நம்பராகப் பதிந்தார். மாட்டைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

அடுத்த நாளே அலாரம் அடித்தது. ராசாத்தியக்கா கையில் தடியோடு, கள்ளனைப் பிடிக்கும் வீறாப்போடு ஓடி வந்தார். பார்த்தால் தன்னுடைய மாடு! அதே தடியால் அதை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாளும் அடித்தது. மறுநாளும் வந்தார். அதற்குப் பிறகு வேலிக்கு அப்பால் குரல் மட்டும் கேட்டது: “என்ர மானத்தை வாங்கவெண்டே பிறந்தனீ!” அன்று பின்னேரம் அவருடைய வேப்ப மரத்தில் புதுக் கயிறு தெரிந்தது. கயிற்றின் மறுமுனையில் மாடு.

நாங்கள் மாதக் கணக்கில் சொல்லத் தயங்கியதை ஒரு அலாரம் சொல்லிவிட்டது. மெஷின் சொன்னால் யாருக்கும் கோபம் வராதாம்!

மைத்துனரிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. தன் அன்பையே கழற்றி எறிந்துவிட்டோம் என்று நினைப்பாரோ? சொன்னேன்.

“அத்தான், உண்மையைச் சொல்லட்டே? மாடு பூந்தா கம்பனி இஞ்ச நடுச்சாமத்தில எழுப்பும். நான் நித்திரை கொண்டு கன நாள். இனித்தான் கொள்ளப்போறன்.”

போன கிழமை பளையில் கலியாணம் சிறப்பாக முடிந்தது. நான் பழக்கதோஷத்தில் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது அடிக்கவே இல்லை. மறுநாள் காலை, புறப்படுவோம் என்று மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன். யோகம் அடுப்படி வாசலில் தங்கையோடும் புதுப் பெண்ணோடும் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து, என்னவோ கதைத்து, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம்! எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

“வெளிக்கிடுவமே?” என்றேன்.

“என்ன அவசரம்? ராசாத்தியக்கா நிக்கிறாதானே. நாளைக்குப் போவம்.”

வீட்டுக்காரிக்கு வீட்டு நினைப்பே வரவில்லையென்றால்… காவல் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்!