கன்னக்குழிக்கு முழுப் புள்ளி

இன்று கிளிநொச்சியில், முன்பள்ளி ஆசிரியர்களாகப் பயில்பவர்களுக்குப் பரம்பரை இயல்புகள் பற்றிய வகுப்பு. "அம்மாவிட்ட இருந்து உங்களுக்கு வந்ததை எழுதுங்கோ" என்று தாளைக் கொடுத்துவிட்டேன். போரில் இத்தனை பேரை இழந்த இந்த ஊரில் அதைக் கேட்குமுன் யோசித்திருக்க வேண்டும்.

உருத்திரபுரத்திலிருந்து வரும் மாணவி ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: கன்னக்குழி.

"உமக்குக் கன்னக்குழி இல்லையே?"

"ஓம் மிஸ், எனக்கு இல்லை. என்ர மகளுக்கு இருக்கு. என்ர அப்பாவுக்கும் இல்லை, என்ர மனுசன்ர பக்கத்திலயும் ஒருத்தருக்கும் இல்லை. அப்ப அது என்ர அம்மாவின்ரதாத்தான் இருக்கோணும்."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "அம்மா சாகேக்க எனக்கு நாலு வயசு. முகம் ஞாபகமில்லை. இடம்பெயர்ந்ததில ஒரு படமும் மிஞ்சேல்லை. சரிதானே மிஸ்?"

அவரின் தாளில் பத்துக்குப் பத்து, முழுப் புள்ளியும் போட்டேன்.

மரபியல் படித்த நண்பர்களே, பிழையென்றால் என்னைத் திருத்துங்கள். அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.