ஒரு மாதத் தூசி

ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊரில் பொழுது வெள்ளையாகத்தான் விடியும். வெளியூர்க்காரர்கள் பனி என்று நினைத்துச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். எங்கள் சாம்பியன் ஸ்டேஷனில் கல்லூரிக்குப் போகப் பெங்களூர் ரயிலுக்காக நான் நிற்கும்போது, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளுக்குப் பின்னால் சைனைட் மேட்டின் அடிப்பாகம் கரைந்துபோய், உச்சி மட்டும் தனியாக வானத்தில் மிதந்துகொண்டிருக்கும். சுரங்கம் ஓடிய காலத்தில் பாறையை மாவாக அரைத்து, சயனைடு கலந்த தண்ணீரில் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, மிச்ச மாவைக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. சுரங்கம் மூடிய பிறகு பிறந்தவள் நான். தங்கத்தைப் பார்த்ததில்லை. மாவைப் பார்த்திருக்கிறேன், நிறையத் தின்றும் இருக்கிறேன்.

சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது, அந்த வெள்ளை எனக்குப் பிடிக்கும். சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிறவள் அப்படிச் சொல்லக் கூடாது. ஆனால் காற்று கிளம்பி, மேட்டின் முதுகிலிருந்து ஒரு வெண்திரை எழுந்து, தெரு, தந்திக்கம்பம், சர்ச் கோபுரம் எல்லாவற்றையும் மெல்ல அழித்துக்கொண்டு வரும்போது நான் வாய் பிளந்து நின்றுவிடுவேன். பிளந்த வாய்க்குள் அது போகும். அம்மா தலையில் ஒரு தட்டு தட்டி, "கனவு கண்டுகினே நில்லு, ரயிலு உனக்காகக் காத்துகினு கீது பாரு" என்பாள்.

கடைசி வருஷப் புராஜெக்டுக்கு மற்றவர்கள் பெங்களூர் ஏரி நுரையையும் குப்பைக் கிடங்கையும் எடுத்துக்கொண்டார்கள். நான் எங்கள் ஊர்த் தூசியை எடுத்தேன். ஊரில் யாரைக் கேட்டாலும் "பழகிப்போச்சு" என்கிறார்கள். பழகிப்போனது எவ்வளவு என்று ஒரு தடவையாவது தராசில் வைத்துப் பார்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

வேலை ரொம்ப எளிது. அகல வாய்க் கண்ணாடி ஜாடியில் பாதிக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, பாசி பிடிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம் போட வேண்டும். ஆள் உயரத்துக்கு மேலே, திறந்த இடத்தில் அதை வைத்துவிட்டு ஒரு மாதம் தொடாமல் இருக்க வேண்டும். மாதக் கடைசியில் தண்ணீரை வடிகட்டி, வடிதாளை உலர்த்தி எடை போட்டால் அந்த வீட்டின் மேல் ஒரு மாதத்தில் விழுந்த தூசி எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஐந்து வீடுகளில் ஐந்து ஜாடி வைத்தேன். முதல் வீடு மேட்டின் அடிவாரத்தில். அங்கிருந்து தள்ளித் தள்ளி மற்றவை. கடைசி ஜாடி பேத்தமங்களாவில், சித்தி வீட்டு மொட்டைமாடியில். அங்கே எங்கள் தூசி எட்டிப் பார்ப்பதில்லை, ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்பட்டது.

பேத்தமங்களா ஜாடியைப் பார்க்கப் போகும் நாட்கள் பாதித் தூக்கத்தில் கழிந்தவை. மாடியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் ஏரித் தண்ணீர் தெரியும். நாரைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஜாடிக்குள் இளநீல வட்டமாக ஒரு துண்டு வானம் அசையும். நோட்டில் 'மேகமூட்டம், மிதமான காற்று' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒருநாள் வெறுமனே 'நன்றாக இருக்கிறது' என்று எழுதியிருக்கிறேன். பேராசிரியர் அதைச் சுழித்துக் கேள்விக்குறி போட்டார்.

ஆனால் என் உயிர் முழுக்க முதல் ஜாடியில் இருந்தது. அந்த வீடு லைன் வீடுகளின் கடைசி வரிசையில் கடைசி வீடு. அதற்குப் பின்னால் ஒரு முள்வேலி, அப்புறம் மேடுதான். வீட்டு ஆன்ட்டி எங்கள் அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் கணவர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர். பகல் முழுக்க ஆன்ட்டியும் வீடும்தான். வேத வசனம் போட்ட காலண்டரின் ஆணியைக்கூடத் துடைத்து வைக்கிற மனுஷி. ஏணி போட்டு, பின்பக்கத்துக் குளியலறையின் சிமெண்ட் கூரைத் தளத்தில் ஜாடியை வைத்தபோது கீழே நின்று கேட்டார்.

"இதுல இன்னா பாப்பா புடிக்கப்போறே, மழையா?"

"தூசி ஆன்ட்டி."

"தூசியா? அத்தப் புடிக்க ஜாடி இன்னாத்துக்கு? எங்கிட்ட கேட்டா கூடை கூடையா குடுப்பேனே."

இரண்டு பேரும் சிரித்தோம். யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாதம் முடிந்த சனிக்கிழமை போனேன். ஜாடி தளத்தின் மேல் இல்லை. சமையலறை மேடையில், வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் கவிழ்த்து வைத்திருந்தார். கடையிலிருந்து வாங்கி வந்த அன்றுகூட அது அப்படிப் பளபளத்ததில்லை.

"வாரத்துக்கு ஒரு வாட்டி ஏறிக் கழுவி, நல்ல தண்ணி ஊத்தி வச்சுடுவேன்," என்றார் பெருமையாக. "நேத்து கடைசியா புளி போட்டுத் தேச்சு எறக்கிட்டேன். நீ தூக்கிகினு போறது ஈசியா இருக்கும்ல?"

எனக்குக் கோபம் வந்தால் யார் எவர் என்று பார்க்க மாட்டேன். ஒரு மாசம் போச்சு என்று கத்தினேன். படித்துப் படித்துச் சொன்னேனே என்றும் கத்தினேன். அது சுத்தப் பொய். கழுவக் கூடாது என்று நான் சொல்லவே இல்லை. தூசி பிடிக்க வைத்த ஜாடியை யாராவது கழுவுவார்கள் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லாததால் எனக்குத் தோன்றவில்லை. ஆன்ட்டி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

"இன்னொருத்தர் வூட்டுப் பாத்திரம் பாப்பா. அழுக்கோட எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

அவர் கலந்து வைத்திருந்த காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தக் காபிக்காக வெட்கமாக இருக்கிறது.

பேராசிரியர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, மேட்டுக்கு மிக அருகில் உள்ள வீடு இல்லையென்றால் இதைப் புராஜெக்ட் என்றே சொல்ல முடியாது என்றார். காற்று அடங்குவதற்குள் ஒரு மாதமாவது அந்த வீட்டிலிருந்து ஒழுங்கான ஜாடி வர வேண்டும். வராவிட்டால் அடுத்த வருஷக் காற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதாவது என் படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகும். ஆவணி முடிந்தால் காற்று முடிந்தது. கையில் இருந்தது இரண்டு மாதம்.

மறுபடி போய் மன்னிப்புக் கேட்டேன். படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. ஆன்ட்டியின் முகம் வாடிவிட்டது. இனிமேல் சத்தியமாகக் கழுவ மாட்டேன் என்று கர்த்தர் பெயரைச் சொன்னார்.

கழுவவில்லைதான். இரண்டாம் மாத முடிவில் நான் ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தபோது ஜாடியின் அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்கு மண் படிந்திருந்தது. அதில் துடைப்பக் குச்சி ஒன்று செருகிக்கொண்டு நின்றது. ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காற்றில், வேலிக்கு அப்பால் மேடு புகைந்துகொண்டிருந்தது.

"ஆன்ட்டி, இதுல எதனா போட்டீங்களா?"

கீழே ஆன்ட்டி ஏணியின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"தோ, இத்தினூண்டு. வாசல் கூட்டினது ரெண்டு முறம். நம்ம வூட்ல கம்மியா வந்து உனுக்கு மார்க்கு கொறைஞ்சிடப் போவுதேன்னு."

சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே அழுகையும் வந்தது. இந்தத் தடவை கத்தவில்லை. அவர் கொடுத்த காபியைக் குடித்தேன். ஜாடி ஒரு சாட்சி மாதிரி, அது பார்த்ததை மட்டும்தான் சொல்ல வேண்டும், நாம் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று விளக்கினேன். ஆன்ட்டி கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் நிமிர்ந்தார்.

"அப்ப நான் ஒண்ணுமே செய்யக் கூடாதா?"

"செய்யவே கூடாது ஆன்ட்டி."

"அதான் பாப்பா எனக்கு வராது."

வராததைத்தான் அவர் அந்த மூன்றாவது மாதம் செய்தார். ரயிலில் போகும்போதும் வரும்போதும் நான் அந்த வீட்டையே நினைத்துக்கொண்டிருந்தேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் கண் சொக்கும். சொக்கலில் ஜாடி தெரியும். அதைச் சுற்றிக் காற்று வட்டம் போடும், மாவு மெதுவாக, அவசரமே இல்லாமல் இறங்கும், ஒரு பொட்டுகூட வீணாகாமல் நீல வட்டத்துக்குள் போய்ச் சேரும். விழித்தால் மடியில் புத்தகம் திறந்தபடி இருக்கும், எதிர் சீட்டு அம்மாள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

சாயங்காலங்களில் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஆன்ட்டி பின்கட்டில் அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். குளியலறைப் பக்கமே பெருக்குவதை விட்டுவிட்டார். அங்கே துணி உலர்த்துவதையும் விட்டுவிட்டார். ஈரத்துணியை உதறினால் சொட்டு தெறிக்குமாம். ஏணியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். "கண்ணெதுர்ல இருந்தா ஏறிடுவேன், அதான்." வேலூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தபோது, மேலே என்ன அழுக்கு ஜாடி என்று கேட்டு மூக்கைச் சுளித்தார்களாம். படிக்கிற பிள்ளையுடையது என்று சொன்னாராம். "அது மட்டும் சொன்னேன். மத்ததெல்லாம் மனசுலயே வச்சிகினேன்," என்றார்.

ஆவணிக் கடைசியில் ஏணியைத் திரும்ப வாங்கி, நானே ஏறி இறக்கினேன். தண்ணீர் கலங்கி, சோறு வடித்த கஞ்சி நிறத்தில் இருந்தது. அடியில் மெல்லிய சாம்பல் படலம். குச்சி இல்லை, கல் இல்லை. மூடியைத் திருகி, துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டே பெங்களூர் வரை போனேன். வழியெல்லாம் யார் முழங்கையும் படாமல் பார்த்துக்கொண்டேன்.

வடிகட்டி, உலர்த்தி, தராசில் வைத்தேன். எண்ணை இங்கே எழுதப் போவதில்லை, அது அறிக்கையில் இருக்கிறது. மற்ற நான்கு ஜாடியையும் விட மிக அதிகம். பேத்தமங்களா ஜாடியை அதன் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. ஆய்வகத்தில் நான் குதித்த குதியில் உதவியாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வருஷம் தப்பித்தது. தூசி என்று நாங்கள் வெறும் வாயால் சொன்னது கையில் பிடிக்கிற ஒரு எடையாகிவிட்டது.

முடிவு தெரிந்ததும் முதலில் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று ஆன்ட்டி வாக்கு வாங்கியிருந்தார். ரயிலை விட்டு இறங்கி நேராக அங்கே ஓடினேன். அரிசி களைந்துகொண்டிருந்தவர் கையை உதறிக்கொண்டு வந்தார்.

"ஜாடி சரியா இருந்துச்சு ஆன்ட்டி. அஞ்சு வூட்லயும் உங்க வூடுதான் ஜாஸ்தி."

"நம்மளா ஃபர்ஸ்ட்டு?" முகமெல்லாம் மலர்ந்தது. என் கன்னத்தை ஈரக்கையால் வழித்தார். "எவ்ளோ? காட்டு, காட்டு."

உலர்ந்த வடிதாளைச் சின்ன டப்பாவில் வைத்துக் கொண்டுபோயிருந்தேன். திறந்து காட்டினேன். ஜாடி வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு இடத்தில் மட்டும் விழுந்தது இது என்றேன். அவர் உள்ளங்கையை அதன் மேல் காட்டி அளந்து பார்த்தார். பிறகு தலை நிமிர்ந்து கூரையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், உள்ளே கட்டிலைப் பார்த்தார். அந்த வீட்டில் எத்தனை ஜாடி வாய் இருக்கும் என்று அவர் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. என் சந்தோஷம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது.

"இது ஒரு மாசத்துக்கா?"

"ஆமா ஆன்ட்டி."

"கட்டிகினு வந்த நாள்லேருந்து நான் இந்த வூட்லதான் கீறேன்," என்றார். அரிசிப் பாத்திரத்தில் தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது. கொஞ்சம் கழித்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் புக்குல இதெல்லாம் எழுதுவியா?"

"எழுதுவேன். பேரு போட மாட்டேன், முதல் வீடுன்னுதான் போடுவேன்."

"படிக்கிறவங்க, இவ வூட்டக் கூட்டவே மாட்டாளோன்னு நெனைப்பாங்க பாப்பா. அதையும் எழுதிடு. தெனமும் மூணு வேளை கூட்டுறேன். வெள்ளிக்கிழமை சுவரெல்லாம் தொடைக்கிறேன்."

எழுதினேன். செய்முறைப் பகுதியில், முதல் வீட்டைப் பற்றிய விவரங்களுக்குக் கீழே, ஆங்கிலத்தில் ஒரே வரி. பேராசிரியர் அதை அடித்து, 'தேவையில்லை' என்று ஓரத்தில் எழுதினார். அடுத்த பிரதியில் மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தார். மூன்றாவது தடவை என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடிக்காமல் பக்கத்தைத் திருப்பினார்.

அச்சிட்டு அட்டை போட்டு வந்ததும் ஆன்ட்டியிடம் கொண்டுபோனேன். வரைபடங்களைப் புரட்டிக் காட்டினேன். மரியாதைக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பக்கம் வந்ததும் வரியின் கீழே விரலை வைத்து, தமிழில் சொன்னேன். "இந்த வீடு நாள்தோறும் மூன்று வேளை பெருக்கப்படுகிறது. சுவர்கள் வாரம் ஒருமுறை துடைக்கப்படுகின்றன."

ஆன்ட்டி என் விரல் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்த மட்டும் இன்னொரு வாட்டி படி," என்றார்.

படித்தேன்.