சேரர் வீட்டுச் சம்பந்தம்

பெரியத்தானை நினைக்கும்போதெல்லாம், அவருடைய சுட்டுவிரல் அந்த ஒரு சொல்லின் மேல் வந்து நின்ற கணம்தான் முதலில் வருகிறது. இடம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. மகளின் கல்யாண அழைப்பிதழை அச்சுக்கு அனுப்புமுன் பிழை பார்க்கக் கொடுத்திருந்தேன். அவர் என் அக்காவின் கணவர். லண்டனில் நான் வந்து இறங்கியபோது படுக்க இடம் தந்தவர். அவர் தலையசைத்தால் சொந்தக்காரர் அத்தனை பேரும் மண்டபத்துக்கு வருவார்கள். அசைக்காவிட்டால் நாங்களும் சமையல்காரரும்தான். விரல் மாப்பிள்ளையின் பெயரில் நின்றது. முதற்பெயரைத் தாண்டி, ‘ஷேரர்’ என்ற குடும்பப் பெயரில்.

“பொடியன் என்ன ஆக்கள்?”

“ஜேர்மன் ஆக்கள், அத்தான்.”

“அது தெரியும். ஜேர்மனியிலை என்ன ஆக்கள்?”

யாழ்ப்பாணத்தில் ‘என்ன ஆக்கள்’ என்றால் என்ன சாதி என்று அர்த்தம். காணியை விட்டோம், வீட்டை விட்டோம், செத்தவர்களை எரிக்கக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தோம். இந்தக் கேள்வியை மட்டும் பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்திருக்கிறோம். அதற்கு விசாவும் தேவைப்படவில்லை, அகதி விசாரணையும் நடக்கவில்லை. இன்றைக்கும் எழுதும்போது எனக்குக் காது சுடுகிறது.

ஆனால் அன்றைக்குச் சுடவில்லை, வியர்த்தது. அலுவலகத்தில் பத்துப் பேரை அதட்டுகிற மனிதன், ஐம்பது வயதைத் தாண்டியவன், வாயில் வந்ததை உளறினேன். “அது ஷேரர் இல்லை அத்தான், சேரர். சேர சோழ பாண்டியர்!” பகிடிக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “ம்” என்று யோசித்தார். சிறிது நேரம் ஜேர்மனியின் ரைன் நதிக்கரையில் சேரரின் வில்கொடி பறந்தது.

அடுத்த நாளே கொடி இறங்கிவிட்டது. ஜேர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிற தன் ஒன்றுவிட்ட தம்பியை அவர் விசாரித்திருக்கிறார். என்னைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் குரல் கீழே இறங்கியிருந்தது, ஏதோ மருத்துவப் பரிசோதனை முடிவைச் சொல்பவர்போல. “வெட்டுறவன் எண்டு அர்த்தமாம், தம்பி. எதை வெட்டுறவன்? அதைக் கேட்டுச் சொல்லு.”

நானும் கேட்கப் போனேன்! வேலைக்குப் போகும் ட்ராமில் தொங்கிக்கொண்டே போனில் தேடினேன். பழைய ஜேர்மன் ஊர்களில் ஒருவன் செய்த தொழிலே அவனுக்குப் பெயராக ஒட்டிக்கொண்டதாம். பிறகு தொழில் போய்விட, பெயர் மட்டும் பேரப்பிள்ளைகளோடு நின்றுவிட்டது. ஷேரர் என்பவன் கத்தரிப்பவன். கம்பளித் துணியின் மேல்மயிரை ஒட்ட வெட்டிச் சீராக்கியவனாக இருக்கலாம். தலைமயிர் வெட்டியவனாகவும் இருக்கலாம். துணி, துணி, துணியாக இருக்கட்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் கும்பிட்டேன். இறங்க வேண்டிய இடமும் கடந்து போய்விட்டது. கடைசியில் சம்பந்தியையே அழைத்துக் கேட்டேன். அந்த மனிதர் குழந்தைபோலச் சிரித்தார். தெரியாதாம். தங்கள் வீட்டில் ஒருவருக்கும் கத்தரிக்கோல் நேராகப் பிடிக்க வராதாம். அவருடைய தகப்பன் பால் வண்டி ஓட்டியவராம்.

இதில் பெரிய வேடிக்கை, எங்களுக்கென்று ஒரு குடும்பப் பெயரே கிடையாது. விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் அப்பாவின் பெயரைத் தூக்கிப் படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட்டார். அதுவே எங்கள் வம்சப் பெயராகிவிட்டது. அப்படிப்பட்ட நாங்கள்தான் நூற்றாண்டுக் கணக்கில் பழைய ஒரு பெயரை மோந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

சம்பந்தியோடு நான் பேசியதை மகள் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அப்பா, ஆர் யூ சீரியஸ்? மாமா கேட்டது பிழை. நீங்கள் அதுக்கு ஆன்சர் தேடுறீங்கள். அது அதைவிடப் பிழை. துணி வெட்டினவை எண்டு நீங்கள் அவருக்குச் சொன்னால், நான் அந்த மண்டபத்துக்கு வரமாட்டன்.”

மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது என்பதுதான் எனக்கு முதலில் வந்த யோசனை. நான் அப்படிப்பட்ட வீரன். இரண்டாவது யோசனை வர ஒரு தேநீர் தேவைப்பட்டது. அதைக் குடித்துவிட்டுப் பெரியத்தானை அழைத்தேன்.

“தலைமயிர்தான் வெட்டினவை, அத்தான். அந்த ஊரிலை அவையைவிட வடிவா வெட்ட ஆளில்லையாம்.”

அவரும் வெட்டினார், தொடர்பை.

கல்யாணத்தன்று அவரும் வரவில்லை, அவர் தலையசைப்புக்குக் காத்திருந்த சொந்தக்காரரின் கதிரைகளும் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. அக்கா மட்டும், ரெய்னர்ஸ் லேனிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி, பட்டுச்சேலையோடு வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்க என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “சாப்பாடு முடிஞ்சுதோ?”

சென்ற வருடம் பெரியத்தானுக்குப் பக்கவாதம் வந்து வலதுகை விழுந்துவிட்டது. பிள்ளைகள் தூரத்தில். முகமெல்லாம் முள்ளாக வளர்ந்து அவர் கண்ணாடி பார்க்க மறுத்தபோது, யாரும் கேட்காமலே என் மருமகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ச் சவரம் செய்துவிடத் தொடங்கினான். நேராகக் கத்தரிக்கோல் பிடிக்கத் தெரியாத பரம்பரை. முதல் வாரம் இரண்டு இடத்தில் இரத்தம். இப்போது கை பழகிவிட்டது. பெரியத்தான் கண்ணை மூடிக்கொண்டு தாடையை நீட்டுவார். நன்றி என்று ஒரு சொல் இதுவரை இல்லை. அவனைப் பெயர் சொல்லி அழைத்ததும் இல்லை. அக்காவுக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பேன்.

போன ஞாயிறு, பேச்சுக்கு, மோர்டனில் ஒரு சிநேகிதனின் மகனுக்குப் பெண் பொருந்தியிருக்கிறது என்று சொன்னேன். கழுத்தில் நுரையோடு பெரியத்தான் கண்ணைத் திறந்தார். இழுபட்ட வாயைக் கஷ்டப்பட்டு நேராக்கினார்.

“பொம்பிளை... என்ன ஆக்கள்?”

மருமகன் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தான். எனக்கு இந்தத் தடவை வியர்க்கவில்லை.

“ஆடாதேங்கோ, அத்தான்,” என்றேன். “கத்தி சேரரின்ரை கையிலை.”