பதினெட்டு முடிந்த பெண்

சாவகச்சேரியில் ஒரு சட்டத்தரணியிடம் நான் கிளாக்கராக இருந்தேன். ஐயா ஒரு வழக்குக்காகக் கோட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், பச்சைச் சட்டை போட்ட ஒரு பெண் வந்தாள். ஐந்து மாத வயிறு தெரிந்தது.

“அண்ணை, எனக்குப் பதினெட்டு முடிஞ்சுது. வீட்டை விட்டுப் போனால் அப்பா கோட்டுக்குப் போய் என்னைத் திருப்பி எடுக்கலாமோ?” பிறப்புப் பத்திரத்தை நீட்டினாள்.

நான் அதைப் பார்க்கவில்லை. எங்கள் வழக்கப்படி, “தங்கச்சி ஆரின்ரை மகள்?” என்றுதான் கேட்டேன். சொன்னாள். தகப்பன் எனக்குத் தெரிந்தவர்; வயல் செய்யும், மதிப்பான கமக்காரர்.

“ஓம், எடுக்கலாம். இருபத்தொரு வயது வரைக்கும் அவர்தான் பொறுப்பு. திரும்பி வீட்டை போம்.”

ஐயா வரும்வரை இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பத்திரத்தை நான்காக மடித்துக்கொண்டு போனாள்.

மாலையில் சொன்னபோது ஐயா பேனையை வைத்துவிட்டார். “சட்டம் மாறி எவ்வளவு நாள்! இப்ப பதினெட்டெல்லே? அவளை ஒருத்தராலும் மறிக்கேலாது.”

மறுநாள் விடியவே அவள் வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். தகப்பன் படலையைத் திறக்கவில்லை.

“எங்களுக்கு மகள் எண்டு ஒருத்தரும் இல்லைத் தம்பி.”

அவருக்குப் பின்னால் கொடியில் அந்தப் பச்சைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

அவள் என்ன ஆனாள் என்று இன்றுவரை தெரியாது. இப்போது யார் வந்தாலும் முதலில் வயதைக் கேட்கிறேன். யாருடைய பிள்ளை என்று கேட்க நா எழுவதில்லை.