மலையேறும் மாப்பிள்ளை

எனக்கு மலையேற்றம் என்றால் உயிர் என்று பெண் வீட்டாரிடம் சொன்னது என் அம்மா. என்னை ஒரு வார்த்தை கேட்காமல், போனில் சொல்லிவிட்டார்.

"லீவு நாளானா பையன் ஊட்டுல தங்கவே மாட்டானுங்க. மலை மலையா ஏறிட்டே இருப்பானுங்க."

அன்று லீவு நாள்தான். நான் பக்கத்து அறையில் கட்டிலில் படுத்துக் கிடந்தேன்.

அம்மாவையும் குற்றம் சொல்வதற்கில்லை. எங்கள் பக்கம் இப்போது பெண் கிடைப்பது குதிரைக் கொம்பு. பல்லடத்தில் சொந்தத் தறிக்கூடம் இருக்கிறது என்றால் முன்பெல்லாம் போதும். இப்போது பையனுக்கு எதில் ஆர்வம் என்று கேட்கிறார்கள். வந்த ஜாதகமெல்லாம் அந்தக் கேள்வியில்தான் தட்டிப்போனது. சாப்பாடும் தூக்கமும் ஆர்வத்தில் சேராதாம்.

ஆனால் இந்தப் பெண்ணை விட்டுவிட எனக்கே மனசில்லை. காங்கேயத்தில் எண்ணெய் ஆலை வைத்திருக்கும் குடும்பம். போட்டோவில், எடுத்தவரைக் கிண்டல் செய்வதுபோல ஒரு சிரிப்பு. பார்த்ததுமே பிடித்துவிட்டது. இது மட்டும் அமைந்துவிட வேண்டும் என்று வாய்விட்டே வேண்டிக்கொண்டேன்.

அவள் அப்பாதான் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"ஊட்டுல வந்து பஜ்ஜி தின்னுபோட்டுப் பொண்ணு பாக்கறதெல்லாம் என்னத்துக்குங்க? உங்க பையனுக்குத்தான் மலைன்னா உசுராச்சே. கோத்தகிரிப் பக்கம் ஒரு மலைப்பூங்கா இருக்குதுங்க. ரெண்டு குடும்பமும் டூர் மாதிரி போயிட்டு வந்தரலாமுங்க."

நான் அதுவரை ஏறியிருந்த ஒரே மலை சென்னிமலை. அதுவும் மேலே வரைக்கும் போகிற பஸ்ஸில்.

அவசர அவசரமாக ஷூ வாங்கினோம். புதுசு என்று தெரிந்துவிடும் என்று அப்பா அதைத் தோட்டத்து மண்ணில் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். என் வீட்டில் எல்லோருமே ரொம்ப நல்லவர்கள்.

பூங்காவில் மர நிழலில் அரிசிம்பருப்புச் சாதம் சாப்பிட்டு முடித்ததும், பெரியவர்கள் எல்லோரும் முழங்காலைத் தடவிக்கொண்டே பேட்டரி வண்டியில் ஏறிவிட்டார்கள். மலை உச்சியில் உள்ள காட்சிமுனை வரைக்கும் வண்டி போகும். காட்டு வழியாக நடைபாதையும் உண்டு. நானும் வண்டியில் ஒரு காலை வைத்தேன். வருங்கால மாமனார் அன்போடு தடுத்தார்.

"உங்களுக்கு இதுல வந்தா என்னங்க திருப்தி இருக்கப்போவுது? நீங்க ரெண்டு பேரும் பேசிட்டே நடந்து வாங்க."

முதல் வளைவிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. நின்று, "பள்ளத்தாக்கு எவ்வளவு அழகா இருக்குது பாருங்க," என்றேன். பள்ளத்தாக்கு முழுக்கப் பனிமூட்டம், ஒன்றுமே தெரியவில்லை. அவளும் அக்கறையாகப் பார்த்தாள்.

அடுத்த வளைவில் அவளே முந்திக்கொண்டாள். "கொஞ்சம் நிக்கலாமுங்களா? கால் வலிக்குது."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பாவம், இவளுக்கும் முடியவில்லை! உடனே எனக்குள் ஒரு மலையேற்ற வாத்தியார் வந்து உட்கார்ந்துகொண்டார். "மூக்கால மூச்சு விடுங்க. சின்னச் சின்ன அடியா எடுத்து வையுங்க," என்றேன். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அதன்பின் ஒவ்வொரு வளைவிலும் நின்றாள். தண்ணீர் குடித்தாள், பூவைப் படம் எடுத்தாள், கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். நானும் ஓய்வெடுத்தபடியே யோசனை சொல்லிக்கொண்டு வந்தேன்.

மேலிருந்து இறங்கி வந்த பூங்காக் காவலாளி அம்மா ஒருவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்க அம்மணி, இன்னைக்கு இத்தனை மெதுவாப் போறீங்க?"

அவர் கீழே போகும்வரை காத்திருந்தேன். பிறகு நான்தான் கேட்டேன்.

"இங்க அடிக்கடி வருவீங்களா?"

"மாசம் ஒருக்கா வருவேனுங்க. சில நாள் எறங்கிப்போட்டு மறுபடியும் ஏறுவேன்."

"அப்ப அந்தக் கால்வலி?"

"அது உங்களோடதுங்க."

அவளே மேலும் கேட்டாள்.

"நெசமாச் சொல்லுங்க. எந்த மலையெல்லாம் ஏறியிருக்கீங்க?"

"சென்னிமலைங்க."

"படியிலயா?"

"பஸ்ஸுலீங்க."

அவள் சிரிக்கவில்லை. பாதையை நிமிர்ந்து பார்த்தாள். "இந்தக் கல்லு மேல உக்காருங்க. மேல எல்லாரும் காத்துட்டிருப்பாங்க. நான் போயிச் சொல்லிப்போட்டு வாரேன்," என்றவள், மூன்றே எட்டில் வளைவைத் தாண்டி மறைந்துவிட்டாள்.

கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். அழுகை வராத குறைதான். பொய் அம்மாவுடையது என்றாலும் அதைக் கட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் மூச்சிரைக்க வந்தவன் நான். அதில் அவளுக்கே மூச்சுவிடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். மேலே என்ன பேசிக்கொள்வார்கள்? அம்மாவின் முகம் என்னாகும்? எல்லாவற்றையும்விட, அந்தச் சிரிப்பை இனிமேல் பார்க்க முடியாதே என்றுதான் வேதனையாக இருந்தது.

போன வேகத்திலேயே திரும்பி வந்து எதிரில் நின்றாள்.

"சொல்லிட்டீங்களா?" என்றேன்.

"சொல்லிட்டேனுங்க. எனக்கு ஈடா வேகமா ஏறி வந்தீங்க, பாசியில வழுக்கிக் கால் சுளுக்கிக்கிச்சுன்னு சொல்லியிருக்கேன். வண்டியிலயே வாராங்க. உங்கம்மா அழுவறாங்க."

பக்கத்து ரோட்டில் வண்டியின் ஹாரன் கேட்டது. எனக்கு அவசரமாக ஒரு விவரம் தேவைப்பட்டது.

"எந்தக் காலுங்க?"

"எடது. மாத்தி நொண்டிப்போடாதீங்க. கல்யாணத்தன்னைக்கு யாராச்சும் கேட்டாலும் எடது காலுன்னுதான் சொல்லோணும்."

நான் எழுந்து நொண்ட ஆரம்பித்தேன்.